கரிவாயுவும் ஞானச்சந்திர கோஷும்

பேத்தமங்களாவில் பாலாற்றைத் தேக்கி, அந்நீரைக் குழாய்வழியே தங்கவயலுக்கு ஏற்றி அனுப்பினர் அக்காலப் பொறியாளர். பூமிக்குள் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கிப் பொன் எடுத்த ஊர் தங்கவயல். ஆயினும் பொன்னை உருக்கினால் பெட்ரோல் வருமா? 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும், அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. பஸ்ஸின் பின்னால் உலை கட்டி, அடுப்புக்கரியை எரித்து, அந்த வாயுவால் வண்டி ஓட்டினார்கள். கரி பஸ் என்றால் நம் பாட்டன்மார் அறிவர். அந்த வாயுவில் உள்ள பொருள்களையே திரவ எரிபொருளாக்கும் வழியை, இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் அப்பத்தாண்டிலேயே ஒருவர் ஆராய்ந்தார் என்பதை நம் மாணவ நண்பர்களில் எத்தனை பேர் அறிவர்? அவர்தாம் சர் ஞானச்சந்திர கோஷ்.

1894இல் புருலியாவில் பிறந்தவர். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராயின் மாணவர். சத்தியேந்திரநாத் போசும் மேகநாத் சாஹாவும் உடன் பயின்றவர்கள். அந்த வகுப்பில் பாடம் நடத்தவே தனித் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்!

வலிய மின்பகுபொருள்கள் நீரில் முழுவதும் அயனிகளாகவே பிரிந்து நிற்கின்றன என்று 1918இல் ஒரு கொள்கை வெளியிட்டார். ஐரோப்பிய அறிஞர் பாராட்டினர். ஆனால் 1923இல் டிபையும் ஹ்யூக்கலும் தந்த கொள்கை அவருடைய கணக்கைப் பின்தள்ளிவிட்டது. முழுவதும் பிரிகின்றன என்ற கருத்து மட்டும் நிலைத்தது. முப்பது வயதுக்குள் வந்த புகழ் முப்பது வயதுக்குள்ளேயே மங்கினால் மனிதன் என்ன செய்வான்? சிலர் ஆயுள் முழுதும் வழக்காடுவர். கோஷ் வேறு வேலையில் இறங்கினார். டாக்காவில் 1921 முதல் 18 ஆண்டுகள் பேராசிரியராய் இருந்தார். சர் சி.வி. இராமன் 1937இல் விட்டு விலகிய இந்திய விஞ்ஞானக் கழக இயக்குநர் பதவியை 1939இல் ஏற்றார்.

அங்கு அவர் கைக்கொண்டது ஜெர்மானியரான ஃபிஷரும் டிராப்ஷும் 1920களில் கண்ட வினை. கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரஜனையும் ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் கோபால்ட் ஊக்கியின்மேல் செலுத்தினால், பெட்ரோலும் டீசலும் மெழுகும் பிறக்கும். கரியிலிருந்துதான் என்பதில்லை; மீத்தேனை நீராவியுடன் நிக்கல் ஊக்கியின்மேல் செலுத்தினாலும் அதே இரு வாயுக்கள் கிடைக்கும். மலேசியாவின் பிந்துலுவில் 1993இல் தொடங்கிய ஆலை இயற்கைவாயுவையே மூலப்பொருளாகக் கொண்டது.

சொல்ல எளிது; செய்வது கடினம். வினையே வெப்பத்தைக் கக்கும். சூடு மிஞ்சினால் பெட்ரோலுக்குப் பதில் மீத்தேன்தான் மிஞ்சும். வாயுவாகப் புகுந்தது வாயுவாகவே வெளிவரும்! சிறிதளவு கந்தகம் கலந்தாலும் ஊக்கி செத்துவிடும். அந்நாளைய ஊக்கியில் கோபால்ட்டுடன் தோரியாவும் சேர்ந்தது. தோரியம் நம் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் கிடைக்கும். கோபால்ட்டோ வெளிநாட்டுச் சரக்கு. அந்த ஊக்கியின் மேற்பரப்பில் இரு வாயுக்களும் எவ்வாறு ஒட்டுகின்றன என்பதைக் கோஷும் எம்.வி.சி. சாஸ்திரி முதலிய ஆராய்ச்சியாளரும் அளந்தனர். ஆலை கட்டுவதற்கு முன் அறியவேண்டியது அதுவே.

போர்க்காலத்திலேயே, 1942இல், கழகத்தில் வானூர்திப் பொறியியல் துறையும் தொடங்கியது. 1950இல் கரக்பூர் ஐ.ஐ.டி.க்கு முதல் இயக்குநரானார். விடுதலைப் போராளிகளை வெள்ளையர் அடைத்துவைத்த ஹிஜ்லிச் சிறைக் கட்டடத்தில் வகுப்புகள் தொடங்கின. பிறகு கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், திட்டக்குழு உறுப்பினர் என்று பதவிகள் வந்தன. ஆராய்ச்சிக்கு அவை நல்லவையா என்பது வேறு கேள்வி. 1959 ஜனவரியில் மறைந்தார். ஊக்கி ஆராய்ச்சியைச் சாஸ்திரி சென்னை ஐ.ஐ.டி.யில் தொடர்ந்தார்.