நூற்கடலுக்குத் துறை காட்டிய எஸ்.ஆர். இரங்கநாதன்

உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தை நம் முன்னோர் பெரிதும் போற்றினர். சுருத பஞ்சமி நாளில் ஆகம நூல்களைப் பூசிக்கும் மரபு இன்றும் நம்மிடம் உள்ளது. ஆயினும், நூலைக் கொடுப்பதோடு அத்தானம் நிறைவு பெற்றுவிடுமோ? வேண்டியதைத் தேடிக் காணும் வழி அறியாதவனுக்கு நூல் நிறைந்த பேரறையும் பூட்டிய பெட்டியே ஆகும்.

காசிமேடு, ராயபுரம் வாழ் அன்பர்கள் ஒரு செய்தியை நன்கறிவர். பெருங்கடல் கடந்து வந்த கப்பலும் துறைமுக வாயிலில் தானாக நுழைவதில்லை. அத்துறையின் ஆழமும் வளைவும் அறிந்த பைலட் ஏறிய பின்னரே அது உள்ளே வருகின்றது. நூலகத்திற்கு வரும் வாசகருக்கும் அத்தகைய துணை வேண்டும் என உணர்ந்து, அதே கடற்கரையில், துறைமுகத்திற்குத் தெற்கே, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் அதனைச் செயற்படுத்திக் காட்டியவர் எஸ்.ஆர். இரங்கநாதன் அவர்கள். நம் சமயத்தைச் சார்ந்தவர் அல்லரெனினும், அவரது வாழ்வு நாம் அறிந்து பின்பற்றத் தக்கது.

அவர் 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். திக்குவாய்க் குறையும் அவருக்கு இருந்தது. இவ்விரண்டையும் கடந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணித ஆசிரியராக விளங்கினார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார்.

அப்பதவி முதலில் அவருக்குச் சிறிதும் உவக்கவில்லை. மாணவர் சூழ வாழ்ந்தவர்க்கு, ஆளரவமற்ற நூலக அறை சிறையாகத் தோன்றியது. சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்ப விரும்பினார். இங்கிலாந்து சென்று நூலகவியல் பயின்று வந்த பின்னரும் விருப்பம் மாறாவிடில் பழைய பணிக்கே திரும்பலாம் என்று முடிவாயிற்று. அவ்வாறே இலண்டன் சென்றார். அங்கே பொது நூலகங்கள் பலவற்றைக் கண்டார். குழந்தைகளும் தொழிலாளரும் இல்லத்தரசியரும் உரிமையோடு வந்து படிப்பதையும், நூலகர் அவர்களுக்கு உதவுவதையும் கண்டபோது அவர் உள்ளம் மாறியது. தாம் விட்டுவந்த ஆசிரியப் பணியே நூலகத்தில் வேறு வடிவில் காத்திருப்பதை உணர்ந்தார். 1925இல் தாயகம் திரும்பிய கப்பலிலேயே, அக்கப்பலின் நூலகத்தைக் கொண்டு தமது புதிய பகுப்பு முறையைச் சோதித்துப் பார்த்தார்.

சென்னையில் அவர் ஆற்றிய பணி பெரிது. வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று நூலை எடுத்துப் பார்க்க வழி செய்தார். புதிதாக வருவோருக்கு நூலகத்தின் அமைப்பைப் பழக்குவதைத் தனிப் பணியாக வகுத்தார். நூல்கள் எம்முறையில் அடுக்கப்பட்டுள்ளன, நூற்பட்டியலில் எவ்வாறு தேடுவது, அகராதியையும் கலைக்களஞ்சியத்தையும் எவ்வாறு கையாள்வது என்பனவற்றை நூலகரே அருகிருந்து காட்ட வேண்டும் என்றார். வாசகர் கேட்கும் வினாவுக்குப் பின்னால் அவர் உண்மையில் தேடுவது எது என அறிந்து உதவுவதே நூலகரின் தலையாய பணி என்பது அவர் கொள்கை.

1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இக்கொள்கையின் சாரமாகும். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே உரியது. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும். வாசகரின் காலம் வீணாகலாகாது. நூலகம் உயிர் போல் வளர்ந்துகொண்டே இருப்பது. இவையே அவ்விதிகளின் கருத்து. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை அவர்கள் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றார் என்பதும் இங்கு நினைக்கத் தக்கது.

1933இல் இரங்கநாதன் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் நமக்கு மகிழ்வூட்டும் செய்தி ஒன்று உண்டு. டூயி என்னும் அமெரிக்கர் வகுத்த முறையில் சமயத் துறையின் பெரும்பகுதி கிறித்தவத்திற்கு உரியதாயிற்று. ஏனைய சமயங்கள் யாவும் 290 என்னும் ஒரு பிரிவுக்குள் அடங்கின. இரங்கநாதன் அவர்களோ சமயத் துறைக்குக் 'கியூ' என்னும் எழுத்தை அளித்து, அதனுள் 3 என்னும் எண்ணைச் சமண சமயத்திற்கே தனியாக வழங்கினார். அம்முறை வழங்கும் நூலகத்தில் கியூ 3 என்பதை அறிந்த சிறுவனும் நம் சமய நூல்கள் உள்ள அலமாரியின்முன் தானே சென்று நிற்பான். ஒரு பொருளைப் பல கோணங்களினின்றும் நோக்கி வகைப்படுத்தும் அவரது முறையைக் காணுந்தோறும் நமக்கு அநேகாந்தமே நினைவுக்கு வருகின்றது.

வழி காட்டுதலின் அருமையை நம் சமூகம் முன்னரே மெய்ப்பித்துள்ளது. உ.வே. சாமிநாதையர் அவர்களிடம் சீவக சிந்தாமணிச் சுவடி இருந்தது. ஆனால் அதன் சமயக் கருத்துகள் விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சந்திரநாத செட்டியார் முதலிய சமணப் பெருமக்கள் அவற்றை விளக்கினர். 1887இல் அந்நூல் செம்மையாக அச்சேறியது. சுவடி கொடுத்தவர்க்கு நிகரான புண்ணியம் அதனைப் படிக்கக் கற்பித்தவர்க்கும் உண்டன்றோ?

விடுதலைக்குப் பின், அவினாசிலிங்கம் செட்டியார் அவர்கள் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதற்கு உந்துவிசையாக நின்றவர் இரங்கநாதன். சொத்து வரியோடு நூலக வரியும் தண்டப்பெறுவது அச்சட்டத்தின் பயனே. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் வீட்டு வரி செலுத்தும் ஒவ்வொருவரும் நூலகத்திற்கு ஈந்தவரே ஆவர். ஈந்தும் அதன் வாயிலை மிதியாதிருப்போமாயின் இழப்பு யாருடையது?

இரங்கநாதன் அவர்கள் ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கித் தம் மனைவியார் சாரதா பெயரால் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமைத்தார். 1972இல் பெங்களூரில் மறைந்தார். அவரைப் போற்றும் வகையில் ஆகஸ்டு 12ஆம் நாள் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

நம் இல்லங்களிலும் ஜினாலயங்களிலும் அலமாரியில் உறங்கும் சாத்திரங்கள் எத்தனை! கரையானுக்கு இரையாகுமுன் அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதுவோம். வரும் சுருத பஞ்சமியன்று பூசை முடிந்ததும் நம் சிறார்க்கு அப்பட்டியலைக் காட்டி, ஒரு நூலைத் தாமே தேடி எடுக்கச் செய்வோம். பின்னர் அருகிலுள்ள கிளை நூலகத்திற்கு அழைத்துச் சென்று உறுப்பினராக்குவோம். நூலகரை அணுகித் தயக்கமின்றி ஐயம் கேட்கப் பழக்குவோம். இன்று கணினியில் தேடும் வசதி வந்துள்ளது. எனினும் எதைத் தேடுவது என்று தெளிவிப்பதற்கு ஒரு மனிதர் வேண்டும். அவ்வாறு ஒரு சிறுவனுக்கேனும் வழி காட்டுவோமாயின் நாம் செய்த சாத்திர தானம் அன்றே முழுமை பெறும்.