உன்னால முடியாதுன்னு உள்ளே ஒரு குரல் கேக்குதா? நம்ம பக்கத்து ஊர் வள்ளல் பெருமான் கதையைப் படிங்க





நெய்வேலி டவுன்ஷிப்ல இருக்கிற நமக்கு வடலூர் பக்கத்து ஊர். தைப்பூசம் வந்தா கும்பல் கும்பலா நடந்தே போறோம். ஜோதி பார்த்துட்டு, தருமசாலையில சாப்பிட்டுட்டு வந்துடறோம். ஆனா அந்த ஜோதியை ஏத்தி வைத்த பெருமான், சின்ன வயசுல சென்னையில முருகன் சன்னதியே கதின்னு கிடந்த பையன், வீட்டில் உருப்படாதவன்னு பேர் வாங்கின பையன், என்பது நம்மள்ல பல பேருக்குத் தெரியாது.

"நான் எதுக்கும் லாயக்கில்லை"ன்னு மனசுக்குள்ள ஒரு குரல் ஓடிக்கிட்டே இருக்கிறவங்க, இந்தப் பதிவைக் கடைசி வரைக்கும் படிங்க.

வீட்டுக்கு ஆகாத பிள்ளை

இராமலிங்கம் பிறந்தது 1823 அக்டோபர் 5, சிதம்பரத்துக்குப் பக்கத்துல மருதூர். அப்பா இராமையா பிள்ளை, அம்மா சின்னம்மை. ஐந்தாவது குழந்தை. கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். குடும்பம் பொன்னேரி பக்கம் போய், பிறகு சென்னை ஏழுகிணறு பகுதியில் குடியேறியது. மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து சம்பாதித்துத்தான் வீடு ஓடியது.

தம்பியையும் படிக்க வைக்கணும்னு அண்ணனுக்கு ஆசை. காஞ்சிபுரம் சபாபதி முதலியார் என்ற பெரிய புலவரிடம் அனுப்பினார். பையனோ பாடத்துக்குப் போகாமல் கந்தகோட்டத்தில் முருகன் முன்னால் நின்று பாடிக்கொண்டிருப்பான். அந்தப் பாட்டைக் கேட்ட புலவர், இந்தப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்று விலகிவிட்டார் என்று வரலாறு சொல்கிறது.

அண்ணன் கண்ணுக்கு அது தெரியவில்லை. படிக்காமல் ஊர் சுற்றுகிற தம்பி என்றுதான் தெரிந்தது. சோறு போடக்கூடாது, வீட்டில் சேர்க்கக்கூடாது என்று கட்டளை போட்டார். அண்ணி பாப்பாத்தி அம்மாள்தான் அவருக்குத் தெரியாமல் கொல்லைப்புறமாகக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்.

இங்க ஒண்ணு யோசிங்க. அண்ணன் கெட்டவர் இல்லை. அப்பா இல்லாத வீட்டைத் தூக்கிச் சுமக்கிறவர், தம்பி வீணாப் போயிடுவானோன்னு பயப்படறார். நமக்கு உள்ளே கேக்கிற குரலும் பெரும்பாலும் இப்படித்தான் வருது. நம்ம மேல அக்கறை இருக்கிற யாரோ பயத்துல சொன்னது, அவங்க மறந்த பிறகும் நம்ம தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

கண்ணாடியில் தெரிந்தவர்

அண்ணி கண்ணீரோடு கெஞ்சினார். சரி படிக்கிறேன் என்று ஒத்துக்கொண்ட பையன் கேட்டது, தனியா ஒரு அறையும் ஒரு கண்ணாடியும். மாடி அறையில் கண்ணாடியைச் சுவரில் மாட்டி, பூ சாத்தி, விளக்கேற்றி, அதன் முன்னால் உட்கார்ந்து தியானம். ஒரு நாள் அந்தக் கண்ணாடியில் தன் முகம் தெரியவில்லை, தணிகை முருகன் காட்சி கொடுத்தார் என்பது அடியார்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு.

நாமளும் கண்ணாடி முன்னாடி நிக்கிறோம். செல்ஃபி கேமராவும் கண்ணாடிதான். அதுல நமக்குத் தெரியறது முகப்பரு, மார்க்கு, அரியர், அடுத்த வீட்டுப் பையனுக்குக் கிடைச்ச வேலை. அந்தப் பிள்ளையும் கண்ணாடி முன்னாடிதான் உட்கார்ந்தான். ஆனா தன் குறையை எண்ணிக்கிட்டு உட்காரலை, முருகனை நினைச்சுக்கிட்டு உட்கார்ந்தான்.

ஒன்பது வயசுல மேடை

சோமு செட்டியார் என்பவர் வீட்டில் அண்ணன் தொடர்ந்து பெரியபுராணச் சொற்பொழிவு செய்துவந்தார். ஒரு நாள் அவருக்கு உடம்பு முடியவில்லை. தம்பியை அனுப்பி, இரண்டு பாட்டைப் பாடி, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு வா என்றார். அந்தத் தம்பியிடம் அவர் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

போன பிள்ளை திருஞானசம்பந்தர் வரலாற்றை எடுத்துச் சொல்லத் தொடங்கினான். கேட்டவர்கள் நேரம் போனதே தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இனி இந்தப் பிள்ளையே தொடரட்டும் என்றார்கள். அப்போது வயது 9 என்று சொல்வார்கள். அண்ணனின் மனம் மாறியது அதற்குப் பிறகுதான்.

கவனிங்க, அண்ணன்கிட்ட போய் நான் யாருன்னு அவர் வாதம் பண்ணலை. கையில வந்த சின்ன வேலையை முழு மனசோட செய்தார், அவ்வளவுதான்.

அப்படின்னா அவருக்குச் சந்தேகமே இல்லையா?

இருந்தது. நிறையவே இருந்தது. தணிகை முருகன் மேல் அவர் பாடின பதிகங்களை எடுத்துப் பாருங்க. பாதிக்கு மேல் அழுகைதான். தன்னைப் பாவி, அறிவில்லாதவன், தகுதி இல்லாதவன் என்று திட்டிக்கொள்கிறார். ஒரு பதிகத்துக்குப் பேரே குறை இரந்த பத்து. இவ்வளவு பெரிய ஞானிக்கே உள்ளே அந்தக் குரல் கேட்டிருக்கு!

ஆனா அவர் செய்ததுக்கும் நாம செய்யறதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. நாம அந்தக் குரலை நம்மகிட்டயே சொல்லிக்கிட்டுப் படுத்துடறோம். அவர் அதை அப்படியே முருகன்கிட்ட கொண்டுபோய்ச் சொன்னார். நம்மளே நமக்குச் சொல்லிக்கிட்டா அது வெறும் புலம்பல். அவன்கிட்ட சொன்னா அது பிரார்த்தனை. சொல்லி முடித்ததும் எழுந்து அடுத்த பாட்டைப் பாடினார்.

பணிவு வேற, பயம் வேற

1858 வாக்கில் சென்னையை விட்டுப் புறப்பட்டு, தலங்களைத் தரிசித்துக்கொண்டு, வடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கருங்குழியில் தங்கினார். பாடல்களைப் புத்தகமாகப் போடணும்னு சென்னை அன்பர்கள் கேட்டார்கள். அவர் சம்மதிக்கவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் விடவில்லை. பாடல்கள் கைக்கு வரும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று விரதம் பிடித்துவிட்டார். ஓர் அன்பர் பட்டினி கிடப்பதைத் தாங்க முடியாமல்தான் பெருமான் இறங்கிவந்தார். 1867-ல் திருவருட்பா முதல் நான்கு திருமுறைகள் அச்சில் வந்தன. அப்போதும் இராமலிங்க சாமி என்று தன் பெயரைப் போட வேண்டாம், அது ஆரவாரம் என்று கடிதம் எழுதினார். கடைசிவரை அவர் போட்ட கையெழுத்து சிதம்பரம் இராமலிங்கம்.

ஆனா அதே 1867 மே 23-ல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். பேர் வேண்டாம்னு ஒதுங்கினவர், பசித்தவனுக்குச் சோறு போடற விஷயத்துல எனக்குத் தகுதி இருக்கான்னு யோசிச்சு நிக்கலை. அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னைக்கும் அணையலை.

பணிவு இருக்கிறவன் பேரைப் பின்னாடி வைப்பான், வேலையை முன்னாடி வைப்பான். பயம் இருக்கிறவன் ரெண்டையும் பின்னாடி வெச்சுட்டு அதுக்குப் பணிவுன்னு பேர் வெச்சுக்குவான். நம்மகிட்ட இருக்கிறது எது?

வெளியிலிருந்தும் விமரிசனம்

புத்தகம் வந்ததும் எதிர்ப்பும் வந்தது. எதிர்த்தவர் சாதாரண ஆள் இல்லை, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். சைவத்துக்கும் தமிழுக்கும் பெரிய தொண்டு செய்தவர். இந்தப் பாடல்களை அருட்பா என்று சொல்லக்கூடாது என்பது அவர் தரப்பு. 1869-ல் விஷயம் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரைக்கும் போனது. அந்தச் சண்டை நடந்த காலத்திலும் தருமசாலையில் பந்தி நிற்கவில்லை. 1872 ஜனவரி 25-ல் சத்திய ஞானசபையில் முதல் ஜோதி தரிசனமும் நடந்தது.

தன்னையே திருத்திக்கொண்டவர்

1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி கட்டி, ஒரு நீண்ட உபதேசம் செய்தார். பேருபதேசம் என்கிறோம். அதில், முன்பு சமயத்தில் தனக்கு இருந்த பற்று மிக அதிகம் என்றும், அப்போது தனக்கு இருந்தது கொஞ்ச அறிவுதான் என்றும், தான் பாடிய பழைய தோத்திரங்களே அதற்குச் சாட்சி என்றும் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

முருக பக்தர்களான நமக்கு இதைக் கேக்கக் கொஞ்சம் சங்கடமா இருக்கலாம். ஆனா மறைக்காம சொல்றதுதான் நியாயம். அதில் நமக்குப் பாடமும் இருக்கு. பழைய தன்னை அவர் வெறுக்கலை, ஒளிக்கலை. அன்னைக்கு அவ்வளவு தெரிந்தது, இன்னைக்கு இவ்வளவு தெரியுதுன்னு நேரா சொன்னார். தன்னைத் திருத்திக்கிறது இப்படித்தான் இருக்கணும்.

1874 ஜனவரி 30, தைப்பூச நாளில், மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போது வயது 50.

நம்ம ஊர்க்காரங்களுக்கு

நம்ம சுரங்கத்தைப் பாருங்க. பழுப்பு நிலக்கரி மேலேயே கிடைக்கலை. மேல்மண்ணை மீட்டர் மீட்டரா வெட்டி எடுக்கணும். அதைவிடப் பெரிய தொல்லை அடியில இருக்கிற ஊற்றுத்தண்ணி. ராத்திரி பகலா பம்ப் ஓடணும். ஒரு தடவை இறைச்சாச்சுன்னு நிறுத்தினா திரும்ப ஏறிடும். ஆனா தண்ணி வருதுன்னு யாரும் சுரங்கத்தை மூடிட்டுப் போகலை.

மனசுல ஊறுற சந்தேகமும் அப்படித்தான். ஒரே நாள்ல வத்தாது. தினமும் இறைக்கணும். வள்ளல் பெருமான் பாட்டா இறைச்சார், சோறா இறைச்சார்.

இந்த வாரம் நாம செய்யக்கூடியது மூணு:

1. செவ்வாய்க்கிழமை வேலுடையான்பட்டு முருகன் சன்னதிக்குப் போங்க. உங்களைக் குத்துற அந்த ஒரு வார்த்தையை வில்லேந்தி நிக்கிற அவன்கிட்ட சொல்லிட்டு வாங்க.

2. தகுதி வரட்டும்னு தள்ளிப்போட்ட வேலையில ஒண்ணை, சின்னதா இருந்தாலும், தொடங்குங்க.

3. பசியோட இருக்கிற ஒருத்தருக்கு ஒரு வேளை சாப்பாடு வாங்கிக் கொடுங்க. அந்த நேரத்துல உள்ளே இருக்கிற குரல் என்ன சொல்லுதுன்னு கேட்டுப் பாருங்க.

வடலூரில் ஏழு திரையும் விலகின பிறகுதான் ஜோதி தெரியும். திரை இருக்கும்போதும் ஜோதி எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு.

மனசு சோர்ந்து போயிருக்கிற ஒரு நண்பருக்கு இதை அனுப்பி வைங்க.

வேலும் மயிலும் துணை. கந்தனுக்கு அரோகரா! 🙏