திப்பு சுல்தானின் ஆட்சி ஏன் சாய்ந்தது?

சேலத்திலிருந்து ஈரோட்டுக்கு ரயிலில் போகிறவர்களுக்குச் சங்ககிரி மலைக்கோட்டை தூரத்திலேயே கண்ணில் படும். நாமக்கல்லில் ஊர் நடுவே ஒற்றைப் பாறை. அதன் தலையிலும் ஒரு கோட்டை. நம் வீட்டுப் பெரியவர்கள் இவற்றைத் திப்பு கோட்டை என்றே சொல்லிவிடுவார்கள். இவ்விடங்களில் கோட்டை எழுந்தது அவருக்கு முன்பே. ஆனால் இந்தச் சீமையைக் கடைசியாக ஆண்டு, ஆங்கிலக் கும்பினியிடம் பறிகொடுத்த மைசூர் அதிபதி அவரே.

ஹிஜ்ரி 808ல் கெய்ரோவில் வஃபாத்தான பேரறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள், 'அஸபிய்யத்' என்னும் கூட்டுப் பிணைப்பினால்தான் ஓர் ஆட்சி எழுகிறது என்றும், சுகபோகம் மிகுந்து பிணைப்பு தளரும்போது மூன்று நான்கு தலைமுறைக்குள் அது விழுகிறது என்றும் கணித்தார்கள். ஹைதர் அலி மைசூர் அதிகாரத்தைக் கைப்பற்றியது 1761ல். அவர் மகன் ஷஹீதானது 1799ல். இடையில் 38 ஆண்டுகள், இரண்டே தலைமுறைகள். சுகபோகத்தில் கிடந்து தளர அவகாசம் ஏது?

திப்பு 1750ல் தேவனஹள்ளியில் பிறந்தார். ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவ்லியாவின் பெயரையே பெற்றோர் சூட்டினர். தந்தை எழுதப் படிக்க அறியாதவர். மகனோ கிதாபுகளைச் சேர்த்துக் குவித்தவர். 1782ல் ஹைதர் மறைந்தபோது, கும்பினியுடன் நடந்துகொண்டிருந்த போருடனேயே ஆட்சியும் மகன் கைக்கு வந்தது.

அவர் ஆட்சியில் உறுதியாயிருந்த பகுதி நம் பக்கத்து வரி நிர்வாகம். பாளையக்காரர்களை ஒதுக்கிவிட்டு, அமில்தார்கள் மூலம் அரசாங்கமே குடியானவரிடம் தீர்வை வாங்கியது. 1792ல் பாரமகாலும் சேலமும் கும்பினிக்குப் போனபின் இங்கே வந்த ரீட், மன்றோ என்ற இரு ராணுவ அதிகாரிகள் நிலங்களை அளந்து, குடியானவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை உருவாக்கினார்கள். அதற்குரிய தளத்தை மைசூர் அரசு முன்பே போட்டு வைத்திருந்தது. ஆண்டவர் போனார், முறை நின்றது.

உறுதியில்லாத பகுதியையும் சொல்லத்தான் வேண்டும். நம்மவர் சிலர் இதைப் பேச விரும்புவதில்லை. 1791ல் மராட்டியப் படை சூறையாடிய சிருங்கேரி மடத்தைச் சீராக்கப் பொருள் கொடுத்தனுப்பியவர் இதே சுல்தான். ஆனால் குடகிலும் மலபாரிலும் அவர் காட்டிய கடுமை, அந்த நாட்டாரை அவருக்குத் தீராப் பகையாக்கிற்று. 1789 டிசம்பரில் திருவிதாங்கூர் அரண்மீது படையெடுத்தபோது கும்பினிக்குச் சாக்குக் கிடைத்தது. குடகு ராஜா கும்பினி பக்கம் சாய்ந்தார். மராட்டியர் சேர்ந்தார்கள். ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்தார். கலிமா சொன்ன அண்டை வீட்டாரையே அவரால் தம் பக்கம் இழுக்க முடியவில்லை. தொலைவிலிருந்த உதுமானிய கலீஃபாவிடம் 1786ல் அனுப்பிய தூதுக்குழு மரியாதையோடு திரும்பியது; படையுதவி வரவில்லை.

1792 உடன்படிக்கையில் பாதி ராஜ்யம் போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். அதற்குப் பிணையாக இரண்டு சிறுவர்கள், சுல்தானின் பிள்ளைகள், 1794 வரை கும்பினியின் காவலில் இருந்தார்கள். ஒரு தகப்பனாக அந்த ஆண்டுகளை அவர் எப்படிக் கழித்திருப்பார்!

1799 மே 4, ஹிஜ்ரி 1213 துல்கஃதாக் கடைசி. சம்பளம் தருவதாகச் சொல்லி மீர் சாதிக் சிப்பாய்களை மதில் உடைப்பிலிருந்து விலக்கிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நடுப்பகலில் எதிரிகள் நுழைந்தார்கள். சுல்தான் வாளேந்திப் போராடி ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வாசலருகே வீழ்ந்தார். மறுநாள் தாய் தந்தையர் பக்கத்தில் அடக்கினார்கள். வீரம் குறையவில்லை, இப்னு கல்தூன் சொன்ன பிணைப்புத்தான் பிரதானிகளிடமும் இல்லை, அண்டை நாடுகளிடமும் இல்லை.

பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806 ஜூலையில் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழவே, குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான குலாம் முஹம்மத் 1842ல் அந்நகரின் தர்மதலாவில் தகப்பனார் பெயர் விளங்க ஒரு பள்ளிவாசல் கட்டினார். அங்கே இன்றும் ஐந்து வேளையும் பாங்கு சொல்கிறார்கள்.