மலைமுடி கண்ட ஹன்ஸ் மேயர்

உயர்ந்த மலையொன்றின் உச்சியை முதன்முதல் மிதித்தவர் யாரென வினவினால், நம் மாணவர் ஒரு பெயரைக் கூறி அமைவர். அவர் எங்ஙனம் ஏறினார், எவர் துணைகொண்டு ஏறினார் என்பவற்றை ஆராய்வார் மிகச் சிலரே. ஆபிரிக்காக் கண்டத்தின் மிகவுயர்ந்த மலையாகிய கிளிமஞ்சாரோவின் முடியை 1889ஆம் ஆண்டில் எட்டிய ஹன்ஸ் மேயர் என்னும் ஜேர்மானிய அறிஞரின் வரலாற்றை யான் ஈண்டு எடுத்துரைக்கப் புகுவது, அவ்விரு வினாக்களுக்கும் அவ்வரலாறு நல்விடை பகர்தலினாலேயாம்.

மேயர் 1858ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆம் நாள் ஹில்ட்பூர்க்ஹவுசன் என்னும் ஊரிற் பிறந்தார். அவர்தம் பாட்டனார் யோசேப்பு மேயர் நிறுவிய பதிப்பகம் பெருங் கலைக்களஞ்சியம் வெளியிட்டுப் புகழ் படைத்தது. பின்னர் லைப்சிக் நகருக்குப் பெயர்ந்து அங்கே நிலைபெற்றது. உலகத்து அறிவையெல்லாம் தொகுத்து அச்சேற்றும் குடியிற் பிறந்தவர்க்கு, ஏட்டிற் படித்தவற்றைக் கண்ணாற் காணும் வேட்கை எழுந்தமை வியப்பன்று. இளமையிலேயே உலகை வலம்வந்த அவர், பிலிப்பைன்ஸ் தீவுகளின் மலைவாழ் மக்களைப் பற்றியும் ஆராய்ந்தெழுதினார்.

கிளிமஞ்சாரோ பூமத்தியரேகைக்குச் சற்றுத் தெற்கே, வெப்பம் மிக்க சமவெளியினின்றும் தனித்தெழுவது. அதன் அடிவாரத்திற் சக்கா மக்கள் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சி வாழை பயிரிட்டு வாழ்கின்றனர். மலைக்கு முடிகள் பல. அவற்றுட் கீபோ என்பதே உயர்ந்தது. மாவென்சி அதனினுந் தாழ்ந்தது. ஆயினும் ஏறுதற்கு அரியது. கீபோவின் தலையிற் பனி கிடத்தலை 1848ஆம் ஆண்டில் ரெப்மன் என்னும் பாதிரியார் கண்டு எழுதியபோது, இலண்டன் நகரத்துப் புவியியலறிஞர் சிலர் அதனை நம்பாது எள்ளினர். கண்டவன் சொல்லினும் காணாதவன் தருக்கம் வலிது போலும்!

மேயர் முதன்முறை 1887ஆம் ஆண்டில் அம்மலையேறினார். கீபோவின் பனிச்சுவரை அணுகியும், அதனை வெட்டியேறுதற்கு வேண்டிய கருவியின்மையால் மீண்டார். மறுவாண்டு பெரும் பரிவாரத்துடன், ஒஸ்கார் பவுமன் என்பாரோடு புறப்பட்டார். அக்காலைக் கரையோர மக்கள் அபுஷிரி என்பான் தலைமையில் ஜேர்மானியர் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தனர். மேயரும் பவுமனும் சிறைப்பட்டு விலங்கிடப்பட்டனர். 10,000 ரூபாய் மீட்புப்பொருள் கொடுத்தே உயிர் தப்பினர். கலைக்களஞ்சியக் குடும்பத்தின் செல்வம் அன்று உயிர் காத்தது. மலையேறுதற்கு அஃது உதவவில்லை.

மூன்றாம் முறை, 1889ஆம் ஆண்டில், மேயர் கொண்டு சென்றது பொருளினும் மேலான ஒன்று, அஃது ஒழுங்கு. சால்ஸ்பூர்க் நகரத்து உடற்பயிற்சி ஆசிரியரும் அல்ப்ஸ் மலைகளில் எண்ணிறந்த முடிகளை ஏறியவருமான லூட்விக் பூர்ட்செல்லர் அவருக்குத் துணையானார். மராங்கு என்னும் ஊரிற் தலைவர் மரியாலேயின் ஆதரவு கிடைத்தது. அங்கிருந்து மேலே ஒன்றன்மேலொன்றாகப் பாசறைகள் அமைக்கப்பட்டன. முன்னைய முயற்சிகளிற் பசியும் குளிருமே மலையேறுவோரைத் துரத்தின. ஆதலின், ஊரிலிருந்து சில நாட்களுக்கு ஒருமுறை சுமைகாரர் புத்துணவு கொண்டுசென்று கொடுக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. இரு முடிகளுக்கும் இடைப்பட்ட மேட்டு வெளியில், 4,300 மீற்றர் அளவினதான உயரத்தில், அவ்விருவருடன் தங்கிக் கூடாரம் காத்து உணவு சமைத்தவர் பங்கானியைச் சேர்ந்த முயினி அமானி என்பவர்.

ஒக்டோபர் 3ஆம் நாள் இருளிலேயே புறப்பட்ட இருவரும் பனிக்கட்டியிற் கோடரியாற் படி வெட்டி ஏறினர். படியொன்றுக்கு ஏறத்தாழ இருபது வெட்டு வேண்டியிருந்ததாம். பிற்பகலில் விளிம்பை அடைந்தபோது, கீழே பெரியதோர் எரிமலை வாயும், அதன் தென்புறத்தே உண்மையான உச்சியும் தோன்றின. வலிமையும் பொழுதும் எஞ்சாமையின் மீண்டனர். ஓய்ந்து, கூடாரத்தை விட்டு மேலே சென்று, எரிமலைக் குழம்பு இறுகிய குகையொன்றில் இரவு கழித்து, 6ஆம் நாள் மீண்டும் ஏறினர். முன் வெட்டிய படிகள் அழியாதிருந்தமை பேருதவியாயிற்று. காலை பத்தரை மணியளவிற் கொடுமுடியில் நின்றனர். பூர்ட்செல்லருக்கு அன்று நாற்பதாவது பிறந்தநாள். பின்னும் பல நாட்கள் மேலேயே தங்கி மாவென்சியையும் முயன்றனர். அதன் உச்சி அவர்களுக்கு வாய்க்கவில்லை.

மேயர் அம்முடிக்குத் தம் பேரரசரின் பெயரைச் சூட்டினார். அதன் உச்சிக்கல்லை எடுத்துச் சென்று அவ்வரசருக்கே அளித்தார். இதனைப் படிக்குந்தோறும் எனக்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்திற் கல்லெடுத்த வரலாறு நினைவுக்கு வரும். அவ்வரலாற்றிற் கல்லைச் சுமந்த கனக விசயரின் பெயர்கள் வென்றவன் பெயரோடு இன்றும் நிற்கின்றன. அவர்கள் அரசராதலின் அஃது இயைந்தது. மேயரின் உணவைச் சுமந்தோர் ஏழைகள். அவர்களுட் பெரும்பாலோர் பெயரை உலகம் அறியாது. முயினி அமானியின் பெயரைத் தம் நூலிற் பொறித்துவைத்தமை மேயரின் நேர்மைக்குச் சான்று. ஆயினும் அவர் பெயர் பாடநூல்களிற் புகவில்லை. மராங்கு மக்களோ யொகானி லாவுவோ என்னும் தம் ஊரவரையே அப்பயணத்தின் வழிகாட்டியாகப் போற்றி வருகின்றனர்.

மேயர் 1898ஆம் ஆண்டில் மீண்டும் அம்மலைக்குச் சென்றார். ஒன்பதாண்டுகளுக்குள் பனியாறுகள் பின்வாங்கியிருத்தலைக் கண்டு பதிவு செய்தார். இப்பதிவை அவர் உச்சி மிதித்ததினும் பெரிய தொண்டாக யான் கருதுவேன். 1912ஆம் ஆண்டுக்கும் 2007ஆம் ஆண்டுக்கும் இடையில் அப்பனிப்பரப்பில் நூற்றுக்கு 85 பங்களவு அழிந்ததென அறிஞர் கணித்துள்ளனர். பின்னர் 1903ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் எக்குவதோர் நாட்டு மலைகளை ஆராய்ந்தார். 1915ஆம் ஆண்டில் லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1929ஆம் ஆண்டு யூலை 5ஆம் நாள் மறைந்தார்.

அவர் சூட்டிய பெயர் நிலைக்கவில்லை. 1961ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் தாங்கானிக்கா விடுதலை பெற்றபோது அம்முடியிற் புதுநாட்டின் கொடியும் ஒளிப்பந்தமும் ஏற்றப்பட்டன. விடுதலை எனப் பொருள்படும் உகுரு என்னும் சுவாகிலிச் சொல்லே இன்று 5,895 மீற்றர் உயர்ந்த அவ்வுச்சியின் பெயர். மேயர் கைக்கொண்ட முறையோ நிலைத்தது. இன்று அம்மலையேறுவோர் உரிமம் பெற்ற வழிகாட்டியின்றிச் செல்ல விதியில்லை. ஐந்து நாள் முதல் எட்டொன்பது நாள் வரை, படிப்படியாகத் தங்கித் தங்கி, சுமைகாரர் கொண்டுவரும் உணவை உண்டே ஏறுகின்றனர். விரைந்தேறுவோரை மெல்லிய காற்று வீழ்த்திவிடும்.

ஆசிரியன்மார்க்கு ஒன்று கூறுவேன். வகுப்பிற் கிளிமஞ்சாரோவைக் கற்பிக்கும்போது மேயரின் பெயரை மறவாது சொல்லுக. அப்பெயரோடு பூர்ட்செல்லரையும் முயினி அமானியையும் சேர்த்தே சொல்லுக. அன்றேல் மலையின் முடியை மட்டும் காட்டி, அதனைத் தாங்கும் அடிவாரத்தை மறைத்தவராவோம்.