விக்டர் ஹ்யூகோவும் நூலாசிரியர் உரிமையும்

நூல் எழுதியவனுக்கு அந்நூலின்மீது உரிமை உண்டென்பதை இன்று பெரும்பாலான தேசங்கள் ஒப்புக்கொண்டுவிட்டன. ஒரு நாட்டில் பிறந்த நூலைப் பிற நாடுகளும் பாதுகாக்கவேண்டுமென்று விதிக்கும் பெர்ன் உடன்படிக்கையில் 180-க்கு மேற்பட்ட ராஜ்யங்கள் சேர்ந்திருக்கின்றன. இதற்கு வித்திட்டவர்களுள் முன்னின்றவர் பிரெஞ்சு மகாகவி விக்டர் ஹ்யூகோ. சுத்தானந்த பாரதியார் மொழிபெயர்த்த ‘ஏழை படும் பாடு’ மூலமாக நமது நேயர்கள் அவரை அறிவார்கள். இவ்விஷயத்தில் அவர் உலகத்தாரிடம் கேட்டவை இரண்டு. அவற்றுள் ஒன்றை உலகம் நிறைவேற்றியது, மற்றொன்றை மறந்தது. அதனாலேயே அவருடைய சரித்திரத்தின் இப்பகுதியை நினைவூட்ட விரும்புகிறோம்.

1802-ம் வருஷம் பிப்ரவரி 26-ந் தேதி பெஸான்ஸோன் நகரில் ஹ்யூகோ பிறந்தார். தந்தையார் நெப்போலியனுடைய சேனையில் பணிபுரிந்தவர். மகனோ பேனாவையே ஆயுதமாகக் கொண்டார். 1830-ல் ‘எர்னானி’ நாடகமும், 1831-ல் ‘நோத்ர் தாம்’ நாவலும் அவருடைய கீர்த்தியைப் பரப்பின. 1841-ல் பிரெஞ்சு அகாடமி அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது.

கீர்த்தி பெருகப் பெருகத் திருட்டுப் பதிப்புகளும் பெருகின. ஒரு தேசத்துச் சட்டம் அத்தேசத்தின் எல்லையோடு நின்றுவிடும். பாரிஸில் வெளிவந்த நூல் பெல்ஜியத்தை அடைந்ததும், பிரஸ்ஸல்ஸ் அச்சுக்கூடத்தார் அதை மலிவான காகிதத்தில் அச்சிட்டு விற்பார்கள். ஆசிரியருக்கு ஒரு காசும் கிடையாது. அப்பிரதிகள் மற்ற நாடுகளுக்குச் சென்றதோடு நில்லாமல், திருட்டுத்தனமாகப் பிரான்ஸுக்குள்ளும் புகுந்தன. பெல்ஜியத்துச் சட்டப்படி இது குற்றமன்று. பால்ஸாக், டூமா, ஹ்யூகோ முதலியோர் பங்குகொண்ட எழுத்தாளர் சங்கம் 1838-ல் பாரிஸில் ஏற்பட்டதற்கு, இத்தகைய நிராதரவான நிலையும் ஒரு காரணம்.

ஹ்யூகோ நியாயஸ்தலங்களையும் நாடிப் பார்த்தார். அவருடைய நாடகமொன்று 1832-ல் ஒரே ஓர் இரவு நடிக்கப்பட்டு, அரசாங்கத்தாரால் தடுக்கப்பட்டது. அதே கதையை வைத்து இத்தாலிய இசைப்புலவர் வெர்டி ‘ரிகோலெட்டோ’ என்ற இசைநாடகத்தை இயற்றினார். அது பாரிஸிலே நடிக்கப்பட்டபோது ஹ்யூகோ வழக்குத் தொடுத்தார், 1857-ல் தோற்றார். சொந்த நாட்டில் தமது நாடகத்துக்குத் தடை. அதே கதையில் பிறந்த அந்நியப் படைப்புக்கோ வரவேற்பு.

இதற்கிடையில் அவருடைய வாழ்வு திசைமாறிவிட்டது. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் குடியரசைக் கவிழ்த்தபோது, ஹ்யூகோ அதை எதிர்த்து நாட்டைவிட்டு வெளியேறினார். பிரஸ்ஸல்ஸ், ஜெர்ஸி, கெர்ன்ஸி என்று 19 வருஷம் அவருடைய பிரஷ்ட வாழ்க்கை நீடித்தது. 1859-ல் மன்னிப்பு அளிக்கப்பட்டபோதும் திரும்ப மறுத்தார். சர்வாதிகாரியைத் தாக்கி 1852-ல் அவர் எழுதிய நூல் பிரஸ்ஸல்ஸில் அச்சாகி, ரகசியமாகப் பிரான்ஸுக்குள் பரவியது. அதே 1852-ல் அந்தச் சர்வாதிகாரியே அந்நிய நூல்களுக்கும் பிரான்ஸில் பாதுகாப்பு அளிக்கும் உத்தரவைப் பிறப்பித்து, பெல்ஜியத்துடனும் பதிப்புரிமை ஒப்பந்தம் செய்துகொண்டான். தம்மை நாடு கடத்தியவனுடைய ஒப்பந்தம் ஹ்யூகோவுக்கே பயன்பட்டது. 1862-ல் ‘லே மிஸரபில்’ நாவலைப் பிரஸ்ஸல்ஸ் பிரசுரகர்த்தர் லக்ருவா 3,00,000 பிராங்கு கொடுத்து வாங்கி வெளியிட்டார். முன்பு காசு கொடாமல் அச்சிட்டுவந்த நகரமே இப்போது பெருந்தொகை கொடுத்தது. சட்டத்தின் வலிமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் இரு நாடுகளின் ஒப்பந்தம் மூன்றாவது நாட்டைக் கட்டுப்படுத்தாது. எனவே 1878-ல் பாரிஸில் சர்வதேச இலக்கிய மகாநாடு கூடிற்று. 76 வயதான ஹ்யூகோ அதற்குத் தலைமை வகித்தார். நூலாசிரியனது உரிமையை எல்லா நாடுகளும் காக்கவேண்டும் என்பது அவருடைய முதற்கோரிக்கை. உரிமை பெற்று வயிற்றுக்கவலை தீர்ந்த எழுத்தாளனே அதிகாரத்துக்கு அடிபணியாமல் நிற்பான் என்பது அவருடைய துணிபு. இரண்டாவது கோரிக்கை அங்கிருந்த பலருக்கு வியப்பாயிருந்திருக்கும். நூல் ஆசிரியனுடையது, அதிலுள்ள சிந்தனையோ மனித குலத்துக்குரியது. இரண்டும் மோதினால் பொதுமக்கள் உரிமையே மேலானது என்று அவர் வற்புறுத்தினார். ஆசிரியன் இறந்ததும் யாரும் நூலை அச்சிடலாம். வாரிசுகளுக்கு ஒரு சிறு தொகை செலுத்தினால் போதும். அச்சிடாதே என்று தடுக்கும் அதிகாரம் வாரிசுகளுக்கு ஆகாது. இதுவே அவர் திட்டம். தமக்குப் பின் பேரனும் பேத்தியும் இருக்கும்போதே இவ்வாறு கூறினார் என்பது கவனிக்கத்தக்கது.

1885 மே 22-ல் ஹ்யூகோ காலமானார். தமது விருப்பப்படி ஏழைகளின் சவவண்டியிலேயே பாந்தியோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மறுவருஷம் செப்டம்பர் 9-ந் தேதி ஸ்விட்ஜர்லாந்தின் பெர்ன் நகரில் பத்து ராஜ்யங்கள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1908-ல் ஆசிரியன் ஆயுளும் அதற்குமேல் 50 வருஷமும் என்ற கால அளவு அதில் ஏறியது. பின்னர் அது கட்டாயமாயிற்று. இன்று இந்தியாவில் அது 60, ஐரோப்பிய யூனியனில் 70. முதற்கோரிக்கை இவ்வாறு வளர்ந்தது. இரண்டாவதற்கு உடன்படிக்கையில் இடமில்லை. அச்சில் இல்லாத நூலையும், வாரிசு இன்னாரென்று தெரியாத நூலையும், அக்கெடு முடியும்வரை பொதுவாகப் பிறர் அனுமதியின்றி அச்சிட இயலாது.

இந்தியா முதலில் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இவ்வுடன்படிக்கைக்குள் கொண்டுவரப்பட்டது. நம் மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. சுதந்திரம் பெற்றபின் நமது தேசம் பேசிய பேச்சில் ஹ்யூகோவின் இரண்டாவது குரல் ஒலித்தது. பிறநாட்டு அறிவு நூல்களை எங்கள் பாஷைகளில் பெயர்க்க வழிவிடுங்கள் என்று வளரும் நாடுகள் 1967-ல் ஸ்டாக்ஹோமில் கேட்டன. இந்தியா முன்னணியில் நின்றது. 1971-ல் பாரிஸில் ஒரு குறுகிய சலுகையே கிடைத்தது.

எழுத்தாளன் கூலியைப் பறிப்பது அநியாயம். அவன் மறைந்தபின் அவன் நூலைப் பூட்டிவைப்பதும் அநியாயமே. மக்களுக்குக் கிட்டாமல் நிறுத்திவைக்கப்பட்ட நூலை அனுமதி பெற்று வெளியிட நமது 1957-ம் வருஷத்துச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. அதை எளிதாக்காமல், பாதுகாப்புக் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போவது, அம்மகாகவி கேட்டதில் பாதியை மட்டும் கேட்டதாகவே முடியும்.