பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்: 29 வயதில் மறைந்தவரின் பாட்டு செடெனாக் வரை வந்த கதை

ஜொகூரின் கூலாய் பக்கம், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போது செடெனாக் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கும் தரவு மையங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், தோட்டம் என்பார்கள். பால்மரம், அப்புறம் செம்பனை. இருட்டு விலகும் முன்னே பெரட்டு, அதற்குப் பிறகு மரம் மரமாக நடை.

அந்த லயத்து வீடுகளில் வானொலி வழியாகவும், திடலில் திரை கட்டிக் காட்டிய படங்கள் வழியாகவும் நுழைந்த ஒரு குரல் உண்டு. பாடியவர் டி.எம்.சௌந்தரராஜனாக இருப்பார், திரையில் எம்.ஜி.ஆர் வாயசைப்பார். ஆனால் தூங்கிக் கிடக்காதே என்று தம்பிக்கும், திருடக் கூடாது என்று குழந்தைக்கும் புத்தி சொன்ன அந்த வரிகளை எழுதியவர் வேறொருவர். பேர் கல்யாணசுந்தரம். ஊரையே பேராக்கி 'பட்டுக்கோட்டை' என்றால் போதும், எல்லாருக்கும் புரியும்.

அவர் மலாயாவுக்காக எழுதியவர் இல்லை. இருந்தாலும் மலாயா தோட்டத்து ஆளுக்கு அது தன் பாட்டாகவே பட்டது. ஏன் என்று கேட்டால், அவர் ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த ஊர்?

தஞ்சாவூர் மாவட்டம், பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு. 1930 ஏப்ரல் 13 அன்று பிறந்தார். அப்பா அருணாச்சலம் பிள்ளை விவசாயி, கூடவே ஊர்ப் பாட்டுக் கட்டுகிறவர். வழிநடைக் கும்மி ஒன்று எழுதி அச்சிலும் போட்டவர். அம்மா விசாலாட்சி. அண்ணன் கணபதிசுந்தரம்.

பள்ளிக்கூடம் என்று பார்த்தால் சுமார் இரண்டு வருஷம், அவ்வளவுதான். எழுத்து கற்றுக்கொண்டது பெரும்பாலும் அண்ணனிடம். மற்றபடி அவர் பார்த்த வேலைகளைப் பட்டியல் போட்டால் நீளும்: உழவு, மாடு மேய்ப்பு, மாம்பழ வியாபாரம், உப்பளம், மீன் பிடித்தல், நாடக நடிகர். பதினேழு தொழில் பார்த்தவர் என்று எண்ணிச் சொல்பவர்கள் உண்டு. எண்ணிக்கை முன்னே பின்னே இருக்கட்டும். வயலும் உப்பளமும் அவர் புத்தகத்தில் படித்த விஷயங்கள் இல்லை என்பதுதான் முக்கியம்.

பட்டுக்கோட்டைக்கும் மலாயாவுக்கும் இன்னொரு தொடர்பு

இது பலருக்கும் தெரியாது. மலாயாவின் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி, அதாவது 'மலாயா கணபதி', இதே பட்டுக்கோட்டை வட்டாரத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தார். அவசரகாலச் சட்டத்தின் கீழ், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

வாட்டாக்குடி இரணியனும் அதே பக்கத்துக்காரர்தான். சிங்கப்பூருக்கு வந்து, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, பிறகு தொழிற்சங்கத்தில் உழைத்தவர். ஊர் திரும்பி பண்ணையாள்களைத் திரட்டினார். 1950-ல் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. அப்போது கல்யாணசுந்தரத்துக்கு வயது 20.

தஞ்சை அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. நிலம் பெரும் மிராசுதார்களிடமும் மடங்களிடமும். உழைப்பு பண்ணையாள்களுடையது, அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அது. 1952-ல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை, விவசாயச் சங்கமும் செங்கொடியும் கொடுத்த நெருக்கடியில் வந்தது. கல்யாணசுந்தரம் அந்தச் சங்கத்தின் ஆள். கூட்டம் நடக்கும் இடத்தில் பாட்டுக் கட்டிப் பாடுவார். கம்யூனிஸ்ட் கட்சியின் 'ஜனசக்தி' ஏட்டில் அவர் கவிதைகள் வந்தன.

இடையில் புதுச்சேரிக்குப் போய் பாரதிதாசனிடம் இருந்தார், 'குயில்' இதழ் வேலையில் உதவினார். திராவிட இயக்கத்தின் பகுத்தறிவு, கம்யூனிஸ்ட் இயக்கத்தின் வர்க்கக் கணக்கு, இரண்டும் அவரிடம் கலந்தே கிடந்தன. கட்சி மட்டும் செங்கொடிக் கட்சி. அதை அவர் மறைத்ததில்லை.

சென்னையில் ஒரு அறை

ஐம்பதுகளின் நடுவில் சினிமா தேடிச் சென்னைக்கு வந்தார். ராயப்பேட்டையில் ஒரு சின்ன இடம். கூட இருந்தவர்களில் நடிகர் ஓ.ஏ.கே.தேவரும் ஒருவர். 'படித்த பெண்', 'மகேஸ்வரி' என்று தொடக்க காலப் படங்கள். கையில் காசு இருந்த நாளை விட இல்லாத நாள்தான் அதிகம்.

சினிமாக்காரர்கள் இன்றும் சொல்லும் ஒரு கதை இருக்கிறது. பாட்டு எழுதிய கூலியைக் கேட்கப் போனவரை ஒரு தயாரிப்பாளர் காக்க வைத்தாராம். இவர் துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதி மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். சீட்டைப் படித்த கையோடு பணம் வீடு தேடி வந்ததாம். கதைக்கு எவ்வளவு மசாலா சேர்ந்திருக்கிறதோ! ஆனால் கூலியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் அவர் அப்படிப்பட்ட ஆள்தான் என்று எல்லாரும் நம்பினார்கள்.

எம்.எஸ்.விஸ்வநாதன் பின்னாளில் பல மேடைகளில் சொன்ன விஷயம் ஒன்று. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'பாசவலை' படத்துக்கு ஒரு புதுப் பையன் எழுதிய பாட்டு என்று காகிதத்தை நீட்டியபோது, அவர் முதலில் பார்க்கவே மறுத்துவிட்டார். கடைசியில் படித்துப் பார்த்து, தன்னையே நொந்துகொண்டாராம். அதில் குட்டி ஆட்டையும் குள்ளநரியையும் உவமையாக வைத்து யார் யாரை விழுங்குகிறார்கள் என்று கேட்டிருப்பார். 1956-ல் படம் வந்தது. அதற்குப் பிறகு வேலைக்குக் குறைவில்லை.

சினிமாவில் கொள்கை எப்படி நுழைந்தது?

தணிக்கை இருந்தது. தயாரிப்பாளருக்குப் பணம் போட்ட பயம் வேறு. கட்சிப் பெயரைப் பாட்டில் போட முடியாது. அவர் அதற்கு முயலவும் இல்லை.

அவர் வழி வேறு. 'புதையல்' (1957) கருணாநிதி கதை வசனம் எழுதிய படம். அதில் காதல் பாட்டு மாதிரி தொடங்கும் இடத்தில் கைத்தறி நெசவாளியின் இழையைக் கொண்டுவந்து வைத்தார். எம்.ஜி.ஆர் இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958) படத்தில், விளைந்ததெல்லாம் யாருக்குப் போகிறது என்று ஒருத்தி சலித்துக்கொள்ள, காலம் மாறும் என்று அவன் கணக்குச் சொல்லுவான். எஸ்.எஸ்.வாசனின் 'இரும்புத்திரை' படத்தில் ஆலைத் தொழிலாளியின் சம்பளம் கைக்கு வந்து பைக்குப் போகாமலே மறைகிற வித்தையை வேடிக்கையாகச் சொன்னார்.

செடெனாக் தோட்டத்தில் சம்பள நாளில் ஸ்டோர் கடனைக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணிய ஆள், இதைக் கேட்டால் சிரிக்காமல் இருப்பாரா? சிரிப்புக்குப் பின்னால் வேறொன்றும் வந்திருக்கும்.

மெட்டும் அப்படித்தான். தெம்மாங்கு, கும்மி, தாலாட்டு என்று கிராமத்தில் கேட்டு வளர்ந்த ஓசைகள். அகராதி தேட வேண்டாத சொற்கள். என் கணக்கில், கண்ணதாசனிடம் இருந்த சொல்வளம் இவரிடம் இல்லை. இவருக்கு அது தேவைப்படவும் இல்லை. வெறும் புரட்சிப் பாட்டுக்காரர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஸ்ரீதர் இயக்கிய முதல் படமான 'கல்யாணப் பரிசு' (1959) முழுக்க இவர் பாடல்கள்தான். அந்தக் காதல் சோகத்தில் கட்சி எதுவும் இல்லை.

1957-ல் நடந்தது ஒன்று

மலாயா சுதந்திரம் பெற்றது 1957 ஆகஸ்ட் 31. அடுத்த பதினோராம் நாள், செப்டம்பர் 11-ல் கல்யாணசுந்தரத்துக்கும் கௌரவாம்பாளுக்கும் கல்யாணம். பாரதிதாசன் தலைமை. இரண்டுக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் இங்கே தோட்டத்துக்காரர்கள் குடியுரிமைக்காக அலைந்துகொண்டிருந்த அந்த நாள்களில்தான், அங்கே அவர் எழுத்தின் உச்சகாலம் தொடங்கியது என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த உச்சம் இரண்டு வருஷம்தான் நீடித்தது. சைனஸ் தொல்லைக்குச் சிகிச்சை எடுத்தவர், உடல்நிலை மோசமாகி 1959 அக்டோபர் 8 அன்று சென்னையில் இறந்தார். வயது 29. கைக்குழந்தையோடு மனைவி.

அதே 1959-ல், ஜூன் மாதம், பாரிஸில் போரிஸ் வியான் என்ற பாடகர்-கவிஞர் 39 வயதில் இறந்தார். போருக்குப் போக மறுக்கும் ஒருவன் குடியரசுத் தலைவருக்கு எழுதும் கடிதமாக, 1954-ல் அவர் ஒரு பாட்டு எழுதியிருந்தார். பிரெஞ்சு வானொலியில் அதற்குத் தடை விழுந்தது. நம்மாள் பாட்டுக்கு அந்த கதி வரவில்லை. நட்சத்திரத்தின் வாயில் ஏறியதால் தப்பித்தது என்றும் சொல்லலாம், அதனால் பாட்டு நட்சத்திரத்தின் சொத்தாகிவிட்டது என்றும் சொல்லலாம்.

யாருடைய பாட்டு?

இதில்தான் சிக்கல். அவர் இறந்த பிறகு 1961-ல் 'திருடாதே', 'அரசிளங்குமரி' வந்தன. இரண்டிலும் எம்.ஜி.ஆர். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் நல்லவர் என்ற எம்.ஜி.ஆர் பிம்பத்துக்கு அந்தப் பாடல்கள் கால் கொடுத்தன. தன் முதலமைச்சர் நாற்காலியின் கால்களில் ஒன்று பட்டுக்கோட்டையின் பாடல்கள் என்று எம்.ஜி.ஆரே ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். அவர் ஆட்சியில், 1981-ல் கவிஞருக்குப் பாரதிதாசன் விருது கொடுக்கப்பட்டது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போய் அப்போது 22 வருஷம்.

கம்யூனிஸ்டின் வரி திராவிடக் கட்சிக்கு ஓட்டு சேர்த்தது நியாயமா? அவர் தோழர்களில் சிலருக்கு அது கடைசிவரை வருத்தம்தான். ஆனால் 'ஜனசக்தி'யோடு நின்றிருந்தால் அந்த வரி கூலாயைத் தாண்டி, பால்மரத் தோட்டத்து லயம்வரை வந்திருக்குமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. கணபதி தூக்கிலிடப்பட்ட பிறகு, செங்கொடி என்ற சொல்லை இங்கே வாய்விட்டுச் சொல்லவே பயந்த காலம் அது. சினிமாப் பாட்டுக்கு மட்டும் யாரும் பயப்படவில்லை. கிராணி வீட்டு வானொலியிலும் அதே பாட்டு ஓடியது.

மொத்தம் ஐந்து வருஷ சினிமா வாழ்க்கை. இருநூறுக்குச் சற்றுக் குறைவான பாடல்கள் என்று தொகுப்புகள் கணக்குச் சொல்கின்றன. தமிழ்நாடு அரசு அவற்றை நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், மலிவு விலையிலேயே புத்தகம் கிடைக்கிறது. அடுத்த முறை வீட்டுப் பெரியவர்களோடு உட்காரும்போது, தோட்டத் திடலில் பார்த்த எம்.ஜி.ஆர் பாட்டு எது என்று கேளுங்கள். அவர்கள் முனகும் பாட்டை எழுதியவர் யார் என்று அந்தத் தொகுப்பில் தேடிப் பாருங்கள்.