பட்டமும் இல்லை, படையும் இல்லை: குற்றாலத்தில் இலக்கிய ராஜ்யம் நடத்திய டி.கே.சி. யார்?

கரீபியன் கடலில் ரெடோண்டா என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அங்கே மனிதர் யாரும் குடியில்லை. ஆனாலும் அதற்கு 'ராஜா' உண்டு! எம்.பி.ஷீல் என்ற எழுத்தாளர், 1880-ல் தன் 15-வது வயதில் அந்தத் தீவுக்குத் தனக்கு முடிசூட்டப்பட்டதாகச் சொல்லிக்கொண்டார். அவருக்குப் பின் 'பட்டத்துக்கு' வந்த கவிஞர் ஜான் காஸ்வொர்த், டிலன் தாமஸ் உள்ளிட்ட எழுத்தாளர்களுக்குப் பிரபு பட்டங்களை வாரி வழங்கினார். சட்டப்படி எதுவும் செல்லாது. எல்லாம் இலக்கியக்காரர்களின் விளையாட்டு.

நம்ம தென்காசிப் பக்கமும் ஒரு இலக்கிய ராஜ்யம் இருந்தது. அதற்குத் தீவும் கிடையாது, பட்டமும் கிடையாது. ஒரு வீடு, சில பாட்டுகள், கேட்க வந்த நண்பர்கள், அவ்வளவுதான். அதன் பெயர் வட்டத்தொட்டி. நடுநாயகமாக இருந்தவர் 'ரசிகமணி' டி.கே.சிதம்பரநாத முதலியார், சுருக்கமாக டி.கே.சி.

வக்கீல் வேலை ஒட்டவில்லை

டி.கே.சி.யின் சொந்த ஊர் தென்காசி. 1882-ல் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. படித்து, பிறகு சட்டமும் முடித்தார். திருநெல்வேலியில் வக்கீலாகத் தொழில் செய்தார். ஆனால் மனசு கோர்ட்டில் ஒட்டவில்லை, கம்பனிடம்தான் கிடந்தது. 1920-களின் பிற்பகுதியில் சென்னை சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும், 1930-லிருந்து 1935 வரை இந்து சமய அறநிலைய ஆணையராகவும் இருந்தார். இன்று அவரை அந்தப் பதவிகளுக்காக யாரும் நினைப்பதில்லை.

வட்டத்தொட்டி என்றால் என்ன?

பழைய நெல்லை வீடுகளில் நடுவே திறந்த முற்றம் இருக்கும். அதைத் 'தொட்டி' என்பார்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி.கே.சி. வீட்டுத் தொட்டியில் 1920-களில் நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கவிதை பேசினார்கள். அதுவே பெயராகிவிட்டது.

இதற்குத் தலைவர், செயலாளர், சந்தா, தீர்மானம் எதுவும் கிடையாது. டி.கே.சி. ஒரு பாட்டை எடுப்பார். நிதானமாகச் சொல்வார். நிறுத்துவார், திரும்பச் சொல்வார். பண்டிதருக்கு மட்டுமே புரியும் என்று ஒதுக்கிய செய்யுள், முதல்முறை கேட்பவருக்கும் பிடிபட்டுவிடும். பாடல்களை அச்சிடும்போதும் இதே முறைதான். பொருளும் ஓசையும் தெரியும்படி சீர்களைப் பிரித்துப் போட்டார்.

தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான், அ.சீனிவாச ராகவன், பின்னாளில் நீதிபதியான எஸ்.மகராஜன் எல்லோரும் இந்த வட்டத்தில் இருந்தவர்கள்.

குற்றாலத்துக்கு மாறியது

பின்னாளில் டி.கே.சி. குற்றாலத்தில் குடியேறினார். வட்டத்தொட்டியும் கூடவே வந்தது. இலக்கியத்துக்குப் பொருத்தமான ஊர்தான் இது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர், பக்கத்திலுள்ள மேலகரத்துக்காரர்.

சீசன் வந்தால் அருவிக் குளியல், விருந்து, கவிதை என்று டி.கே.சி. வீடு களைகட்டும். ராஜாஜியும் கல்கியும் அவருக்கு நெருங்கிய நண்பர்கள். இடைசெவல் கி.ராஜநாராயணன் போன்ற இளைஞர்களும் தேடி வந்தார்கள். வர முடியாதவர்களுக்குக் கடிதம் போகும். அந்தக் கடிதங்களும் பின்னர் நூலாகின.

கவிதையோடு நிற்கவில்லை. 1940-களில் தமிழ்ப் பாட்டுகளுக்குக் கச்சேரி மேடையில் உரிய இடம் கேட்டு தமிழிசை இயக்கம் எழுந்தபோது, ராஜா அண்ணாமலை செட்டியார், ராஜாஜி, கல்கி ஆகியோருடன் டி.கே.சி.யும் உறுதியாக நின்றார்.

சர்ச்சை எங்கே வந்தது?

இந்த ராஜ்யத்தில் ஒரே சட்டம்தான்: ரசனை. சிக்கலும் அங்கேதான் வந்தது.

கம்பராமாயணத்தில் 10,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி கம்பன் எழுதியதில்லை, பின்னால் வந்தவர்கள் நுழைத்த செருகு கவிகள் என்று டி.கே.சி. முடிவு செய்தார். தனக்கு உண்மையான கம்பன் என்று பட்ட பாடல்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதிப்பித்தார். சில பாடல்களில் சொற்களையும் திருத்தினார்.

தமிழறிஞர்கள் பலர் கொதித்துப்போனார்கள். ஏட்டுச்சுவடி ஆதாரம் இல்லாமல், ஒருவரின் காதுக்குச் சரியாகப் படவில்லை என்பதற்காக ஒரு பாட்டை நீக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். பல சுவடிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே பதிப்புக்கு வழி. அதனால் டி.கே.சி.யின் கம்பனை ஆய்வாளர்கள் மூலநூலாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் கம்பனைப் பக்கத்தில் போகவே பயந்த பலரைக் கூட்டிவந்து உட்காரவைத்ததும் அதே காதுதான். முத்தொள்ளாயிரமும் அப்படித்தான். பெயரில் தொள்ளாயிரம் இருந்தாலும், இன்று நம்மிடம் இருப்பது 100-ஐ ஒட்டிய பாடல்கள்தான். பரவலாக அறியப்படாமல் கிடந்த அந்தப் பாடல்களை விளக்கத்தோடு பொது வாசகருக்குக் கொண்டுபோனார்.

என்ன மிஞ்சியது?

1954 பிப்ரவரியில் டி.கே.சி. காலமானார். அவர் பேசியதோடு ஒப்பிட்டால் எழுதியது குறைவு. 'இதய ஒலி', 'கம்பர் யார்?' போன்ற நூல்களும் கடிதங்களும் நம்மிடம் இருக்கின்றன. அந்தக் குரல் இல்லை.

ரெடோண்டாவின் பட்டத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் உரிமை கோரினார்கள். வட்டத்தொட்டியில் சண்டை போட ஒரு பட்டம்கூட இருந்ததில்லை. ஒரு பாட்டை எடுத்து, அவசரப்படாமல், நாலு பேர் கேட்க வாய்விட்டுச் சொல்வது என்ற பழக்கம்தான் அது விட்டுப்போன சொத்து. அதை யாரும் எந்த ஊரிலும் எடுத்துக்கொள்ளலாம்.